மக்கள் தொடர்பு: நான் கற்ற தொழில்

"என்ன வேலைத்தா பாக்குறே?" என்று என் அப்பத்தா கேட்டபோது, "மக்கள் தொடர்பு உதவியாளர்" என்று பெருமையோடு விடை கூறினேன். அவருக்கு அது விளங்கவில்லை. "ஆஸ்பத்திரியைப் பற்றி ஊருக்கு எடுத்துச் சொல்கிற வேலை, அப்பத்தா" என்று விளக்கினேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "அப்ப, தண்டோராப் போடுற வேலைன்னு சொல்லு" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டம் பெற்று, நேர்முகத் தேர்வில் வென்று, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்தவளை, ஒரே சொல்லில் ஊர்ச் சாவடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாரே என்ற வருத்தம்.

மூன்றாண்டுகள் அப்பணியில் இருந்து, பின்னர் அதை விட்டு, இன்று உங்களோடு முதுகலை வகுப்பில் அமர்ந்திருக்கின்றேன். அப்பத்தா சொன்னதில் பாதி உண்மை என்று இப்போது ஒப்புக்கொள்கின்றேன். மற்றப் பாதி என்ன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. நண்பர்கள் பலர் இத்துறைக்குச் செல்ல விருப்பம் கொண்டு என்னிடம் விவரம் கேட்பதுண்டு. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் ஊர் விராலிமலை. திருச்சியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்வோர் சன்னலோரம் அமர்ந்திருந்தால், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் மலைமேல் முருகன் கோயிலையும், வேளை நன்றாக இருந்தால் பாறைகளின்மீது மயில்களையும் காணலாம். நான் பணியாற்றியது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம், அங்கே நேர்ந்த பிழைகளில் பெரும்பங்கு என்னுடையது.

காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தால் எட்டு மணிக்குள் அலுவலகத்தில் இருப்பேன். முதல் வேலை செய்தித்தாள் படிப்பது. "சம்பளமும் வாங்கிக்கொண்டு பேப்பரும் படிக்கிற பிரிவு" என்று கணக்குப் பிரிவினர் எங்களைக் கேலி செய்வர். மருத்துவத் துறை தொடர்பான செய்திகளைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, இதழின் பெயர், நாள், பக்கம் ஆகியவற்றைக் குறித்து, ஒன்பதரை மணிக்குள் நிர்வாகியின் மேசையில் வைத்தாக வேண்டும். எல்லாச் செய்தியும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் இக்காலத்திலும் கத்தரிக்கோலும் பசையும் எங்கள் பிரிவை விட்டுப் போகவில்லை. தொலைபேசியில் வந்தது நாளைக்கு மறந்துபோகும். ஒட்டி வைத்த கோப்பு நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இக்கோப்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கின்றது.

அடுத்தது செய்திக் குறிப்பு எழுதுதல். ஒரு புதிய கருவி திறப்பு, ஒரு சொற்பொழிவு, ஓர் இலவச முகாம் என்று வாரத்துக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்களுக்கும் முதற்பத்தியிலேயே விடை இருக்க வேண்டும். காரணம் எளிது. இதழில் இடம் குறைந்தால் துணையாசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். நாம் முத்தாய்ப்பாக வைத்த கடைசி வரி முதலில் போகும். அதற்கும் முன்பாக, "மாபெரும்", "சீரிய", "வரலாறு காணாத" ஆகியவை போகும். கல்லூரிக் கட்டுரைப் போட்டிகளில் அடைமொழிகளால் பரிசு வாங்கிய எனக்கு இது பெரிய அதிர்ச்சி. ஒரு நிருபர் என் முதற்குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க மேடம், கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நான் மணியைக் குறிப்பிட மறந்திருந்தேன்!

பெயரின் முன்னெழுத்து தவறினால் நேரும் துன்பம் சொல்லி மாளாது. சிறப்பு விருந்தினரின் தலைப்பெழுத்தை மாற்றி அச்சடித்துவிட்டு, அவர் மேடையேறும் வரை அழைப்பிதழ் எதுவும் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்ட ஒரு மாலைப்பொழுதை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கின்றது.

பிற்பகல்களில் முறையீட்டாளர்கள் வருவர். கட்டணச் சீட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்திக்கொண்டு வருபவரை என்ன செய்வது? எனக்கு மூத்த அலுவலர் ஒருவர் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: முதலில் உட்கார வை, பத்து நிமிடம் வாய் திறக்காதே. நின்றுகொண்டு பேசுபவரின் கோபம் வேறு, உட்கார்ந்து பேசுபவரின் கோபம் வேறு. பத்து நிமிடத்துக்குப் பிறகு அவரே, "உங்களைச் சொல்லிக் குத்தமில்லம்மா" என்பார். ஆனால் அவர் சொன்னதை எழுதி மேலே அனுப்பாமல், இனிக்கப் பேசி அனுப்பிவிடுவதோடு நிறுத்திக்கொண்டால் அது மக்கள் தொடர்பு ஆகாது. அதற்கு வேறு பெயர் உண்டு.

விளம்பரம் என்பது விலை கொடுத்து வாங்கிய இடத்தில் நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது. படிப்பவருக்கும் அது தெரியும். ஆகவே பாதியைத் தள்ளிவிட்டே படிப்பார். மக்கள் தொடர்பு, பிறர் நம்மீது வைக்கும் நம்பிக்கையைக் கொண்டு நடப்பது. அது இருவழிப் பாதை. நிறுவனத்தின் சொல்லை மக்களிடம் சேர்ப்பது ஒரு வழி. மக்களின் சொல்லை நிறுவனத்துக்குக் கொண்டுவருவது மறுவழி. முதல் வழியில் போக்குவரத்து எப்போதும் நெரிசலாக இருக்கும். மறுவழியில் புல் முளைத்துக் கிடக்கும்.

நம் மாநிலத்தில் அரசுக்கென்றே செய்தி மக்கள் தொடர்புத் துறை உள்ளது. மாவட்டந்தோறும் அதற்கோர் அலுவலர் உண்டு. 1970 முதல் வெளிவந்த 'தமிழரசு' இதழை நம்மில் பலர் நூலகத்தில் புரட்டியிருப்போம். மறுவழிக்கும் சட்டம் பிறந்தது. தகவல் பெறும் உரிமைக்காக 1997-இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல்தான் வந்தது. அப்பத்தா சொன்ன தண்டோராவோ 2022 வரை நம் சிற்றூர்களில் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தலைமைச் செயலாளர், ஒலிபெருக்கி பொருத்திய வாகனம் இருக்கத் தண்டோரா இனி வேண்டாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு மனிதனைப் பறையடித்து நடக்கவிட்டு ஊரே அறிவிப்புக் கேட்ட வழக்கம் அவ்வாறு முடிவுக்கு வந்தது.

இத்தொழிலுக்கு இன்றைய வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ஐவி லீ. நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றிய அவர், 1906-இல் இதழாசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார். எங்கள் வேலை ஒளிவு மறைவு அற்றது, நாங்கள் தருவது சரியான செய்தியாக இருக்கும், ஐயம் எழுந்தால் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் நகருக்கருகே ஒரு தொடர்வண்டி நீரில் கவிழ்ந்து பலர் இறந்தபோது, செய்தியை மூடி மறைப்பதே நிறுவனங்களின் வழக்கமாக இருந்த காலத்தில், அவர் நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1914-இல் லட்லோ என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டபின், முதலாளி ராக்ஃபெல்லர் தரப்புக்காக இதே ஐவி லீ வெளியிட்ட அறிக்கைகளில் பொய்கள் இருந்தன. எழுத்தாளர் அப்டன் சிங்ளேர் அவருக்கு 'நச்சுக்கொடி' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். உண்மையைச் சொல்வதே எங்கள் தொழில் என்று எழுதித் தந்தவரே எட்டாண்டுகளில் அங்குப் போய்ச் சேர்ந்தார் என்பதை நான் படித்தது பணியில் சேர்ந்த புதிதில். அப்போது அது பாடப்புத்தகச் செய்தியாகத்தான் பட்டது.

மற்றொருவர் எட்வர்டு பெர்னேஸ். 1929-இல் ஈஸ்டர் நாளன்று நியூயார்க் வீதியில் இளம்பெண்கள் சிகரெட் புகைத்தபடி நடந்து செல்ல ஏற்பாடு செய்து, அதைப் பெண் விடுதலையின் சுடர் என்று இதழ்களில் வரச்செய்தார். பின்னால் இருந்து பணம் கொடுத்தது புகையிலை நிறுவனம்! புகை என்றதும் எங்கள் ஊர் நினைவுக்கு வருகின்றது. விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு. காட்டாற்று வெள்ளத்திலும் மழையிலும் சிக்கி நடுங்கிய கருப்பமுத்து என்ற அடியவருக்கு முருகனே வழித்துணையாக வந்து சுருட்டுத் தந்தான் என்றும், பின்னாளில் புதுக்கோட்டை மன்னர் ஒருவர் இவ்வழக்கத்தை நிறுத்த, கனவில் தோன்றி மீண்டும் தொடரச் செய்தான் என்றும் ஊரில் சொல்வார்கள். யாரும் விளம்பரம் செய்யாமலேயே தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த கதை. புகைப்பதற்கு ஆதரவாக இதைச் சொல்கிறேன் என்று சுகாதார ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் சொல் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்காகவே சொன்னேன்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகின்றேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, விராலிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்த எங்கள் மருத்துவமனை முடிவு செய்தது. எனக்குப் பழகிய பகுதி என்பதால் விளம்பரப் பொறுப்பு என்னிடம் வந்தது. கண் மருத்துவர், துண்டறிக்கைக்காக ஒரு தாளில் குறிப்பு எழுதித் தந்தார். அதில் நான்கு வரிகள் இருந்தன. பரிசோதனை எல்லோருக்கும் உண்டு. புரை முற்றியவர்களுக்கே அறுவை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அன்று அறுவை இயலாது. தேர்ந்தெடுக்கப்படுவோர் அன்றே பேருந்தில் திருச்சிக்கு வந்து சில நாள் தங்க வேண்டும். இந்த நான்கு வரிகளும் என் துண்டறிக்கையின் அழகைக் கெடுத்தன. நான் அவற்றை நீக்கிவிட்டு, "கண்புரைக்கு முற்றிலும் இலவச அறுவைச் சிகிச்சை! அனைவரும் வாரீர்!" என்று பெரிய எழுத்தில் போட்டேன். யாரும் என்னை அவ்வாறு எழுதச் சொல்லவில்லை. மேலதிகாரி பார்த்தார், "நன்றாக இருக்கிறது" என்றார், அச்சுக்குப் போயிற்று.

அத்தோடு நின்றேனா? ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதற்குக் குரல் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வெளியில் ஆள் பிடித்தால் செலவு என்பதால் நானே பேசினேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிக் குரலில், "அன்பார்ந்த பொதுமக்களே!" என்று தொடங்கிய அந்தப் பதிவு மூன்று நாள் எங்கள் வட்டாரத்துச் சாலைகளிலும் சந்தையிலும் முழங்கியது. என் அம்மாவே வாசலில் நின்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டாரிடம் "எங்க புள்ள குரல்தான்" என்று சொல்லி மகிழ்ந்தார்.

முகாம் நாளன்று காலை ஏழு மணிக்கே பள்ளி வளாகம் நிறைந்துவிட்டது. முந்நூறு பேருக்கு மேல் இருக்கும். விடியுமுன்பே நடந்து வந்தவர்கள், பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்து வந்தவர்கள், சாப்பிடாமல் வர வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் வயிற்றோடு வந்தவர்கள். மருத்துவர் இருவர்; பேருந்து ஒன்று; அதில் நாற்பது இருக்கை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வு முடிந்தபோது முப்பத்தெட்டுப் பேர் பேருந்தில் ஏறினர். பலருக்குக் கண்ணாடி மட்டும் போதும் என்றாயிற்று. சிலருக்குப் புரை இன்னும் முற்றவில்லை. சிலருக்குச் சர்க்கரை மிகுந்திருந்தது. மருத்துவ முறைப்படி எல்லாம் சரியே. கட்டுக்கடங்காத சர்க்கரையோடு கண்ணைத் தொடுவது நோயாளிக்கே கேடு. ஆனால் இது ஒன்றும் வந்தவர்களுக்கு முன்பே தெரியாது. தெரிவித்திருக்க வேண்டிய நான்கு வரிகள் என் மேசை இழுப்பறையில் இருந்தன.

நான் வேப்பமரத்தடியில் நின்று, பேருந்தைப் படம் பிடிக்குமாறு புகைப்படக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தடவியது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி. இரு கண்ணிலும் புரை வெளுத்திருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பிக் காது கொடுத்தபடி, "நீதானே தாயி மைக்குல பேசுன புள்ள?" என்று கேட்டார்.

"ஆமாம் பாட்டி" என்றேன்.

"எல்லாரும் வாங்கன்னு சொன்னியே?"

அவ்வளவுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால், உட்கார வைத்துப் பத்து நிமிடம் காது கொடுக்கும் வித்தை எனக்குத் தெரியும். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அன்றைய நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, ஆட்டை அடுத்த வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தாராம். சர்க்கரை கூடுதல் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கண் தெரியாது. நான் அந்தச் சீட்டைப் படித்து விளக்கினேன். தலையை ஆட்டிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

அன்று மாலை நான்கு மணிக்குள் செய்திக் குறிப்பு அனுப்ப வேண்டும். அனுப்பினேன். "இம்முகாமில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு பயன்பெற்றனர்" என்று எழுதினேன். இந்த வரி நம் நாட்டில் எந்த முகாமைப் பற்றிய செய்தியிலும் காணக் கூடியது. கை தானாகவே எழுதிவிடும். "பயன்பெற்றனர்" என்ற அந்த ஒரு சொல்லில் அந்த மூதாட்டியும் அடக்கம். மறுநாட் காலை ஒன்பது மணிக்கு, அச்செய்தியை நானே கத்தரித்து, நானே பசை தடவி, நானே நாளும் பக்கமும் குறித்துக் கோப்பில் ஒட்டினேன். ஒட்டும்போதுதான் ஐவி லீயின் நினைவு வந்தது. அவருக்காவது எட்டாண்டு பிடித்தது.

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என்னைத் தேற்றவில்லை. "நாங்க சைக்கிள் ஓட்டுனப்போ எந்த மைக்கும் எங்களைக் கூப்பிடலடி" என்றார்.

அம்மா சொன்னது அறிவொளி இயக்கத்தை. நம் மாவட்டத்தின் பெருமைகளுள் ஒன்று இது. மக்கள் தொடர்பு பயில்வோர் வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போகுமுன் கட்டாயம் அறிய வேண்டியது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் பல்லாயிரம் தொண்டர்களும் ஊர் ஊராகச் சென்று, தெருவில் பாட்டும் நாடகமும் நடத்தி, மாலை வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுத்தனர். எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிப்பது என்று இங்கே எடுத்த முடிவுதான் புதுமை. பாடம் நடத்தவும் மேற்பார்வை பார்க்கவும் பெண்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டும். பேருந்து இல்லாத ஊருக்கு யாரை எதிர்பார்த்து நிற்பது?

"கலெக்டரம்மா சொன்னாங்கன்னு யாரும் ஏறல. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் ஏறி விழுந்துச்சு, மறுநாளும் ஏறுச்சு. அதைப் பாத்துட்டு நாங்க ஏறினோம்" என்பது அம்மாவின் விளக்கம். பெண்கள் ஓட்டும் மிதிவண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்களாம்; குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992-ஆம் ஆண்டு அனைத்துலகப் பெண்கள் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய மிதிவண்டிகளில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தனர். ஊர்தோறும் நடந்த போட்டிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அவர்களுள் கல் குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கிராமச் செவிலியரும் இருந்தனர். தெருவில் கேலி பேசியவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு தெருவில் பத்துப் பெண்கள் ஓட்டத் தொடங்கிவிட்டால் கேலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்கின்றார் அம்மா. அவருடைய பழைய வண்டி இன்றும் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கின்றது, கோழி அடைகாக்கின்றது.

கண் சிகிச்சைக்கு இதைவிட நெருங்கிய பாடம் மதுரையில் இருந்தது. அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதை நாம் அறிவோம். அங்கும் சிற்றூர் முகாம்கள் உண்டு. இலவசம் என்று சொன்னால் மக்கள் வந்து குவிவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லை என்பதை அவர்களே ஆராய்ந்து கண்டனர். 1999-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண் முகாம் நடந்த கிராமங்களில் கண் குறை உள்ளவர்களுள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்தனர். வராதவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. அச்சம், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக்கும் சோற்றுக்கும் ஆகும் செலவு, போன நாளுக்குக் கூலி இல்லை. ஏழைக்கு இலவசம் என்று ஒன்று கிடையாது, எங்கோ ஓரிடத்தில் அவன் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றான் என்பதைத் துண்டறிக்கை எழுதுபவர்கள் உணர்வதில்லை. நான் உணரவில்லை.

அதற்கும் முன்பு, 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மக்களை அறுவைக்கு இணங்கச் செய்யும் வழிகளை ஊர்களில் செய்து பார்த்து ஒப்பிட்டது. புரை அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகச் சென்று சொல்வதும், உணவு, பயணம் உட்பட எல்லாச் செலவையும் ஏற்பதும் சேர்ந்தபோது நல்ல பலன் கிடைத்தது. இதைப் படித்தபோது அம்மாவின் எதிர்வீட்டு அக்கா என் கண்முன் மிதிவண்டியில் போனார்.

மேலதிகாரியிடம் சென்று, அடுத்த முகாமுக்கு முன் ஊர்களுக்குப் போய்வர அனுமதி கேட்டேன். "அது களப்பணியாளர் வேலை, நம் வேலை செய்தி தருவது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போகத் தொடங்கினேன். அம்மாவும் சில நாள் உடன் வந்தார். அறுவை செய்துகொண்ட முப்பத்தெட்டுப் பேரின் பட்டியல் என்னிடம் இருந்தது. அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டதில் நான் அலுவலகத்தில் அறியாத பல செய்திகள் கிடைத்தன. கண்ணில் விடும் சொட்டு மருந்து முதல் மாதமே தீர்ந்துபோய், அதே மருந்தை வாங்கத் திருச்சி வரை வர வேண்டியிருந்தது. இருவர் மறுபரிசோதனைக்கு வரவில்லை; பேருந்துக் காசு இல்லை. இவற்றை எல்லாம் எழுதி மேலே அனுப்பினேன். சொட்டு மருந்து விராலிமலையிலேயே கிடைக்க ஏற்பாடாயிற்று. பேருந்துக் காசுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் முகாமுக்கு நான் எழுதிய துண்டறிக்கையில் மருத்துவரின் நான்கு வரிகளும் பெரிய எழுத்தில் இருந்தன. பார்ப்பதற்கு நன்றாக இல்லை. நூற்றுப்பத்துப் பேர்தான் வந்தனர். "போன முறை முந்நூறு, இம்முறை நூற்றுப்பத்து, என்ன பிரசாரம் செய்தீர்கள்?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். அன்று அறுவைக்குச் சென்றவர்கள் முப்பத்தாறு பேர். முதல் முகாமுக்கும் இதற்கும் இரண்டே பேர் குறைவு என்பதைச் சுட்டிக்காட்டினேன். புகைப்படத்தில் கூட்டம் தெரியவில்லையே என்றனர். அதற்கு என்னிடம் விடை இல்லை. செய்திக் குறிப்பில் "110 பேர் பரிசோதிக்கப்பட்டனர், 36 பேர் அறுவைக்குத் தேர்வு செய்யப்பட்டனர்" என்று மட்டும் எழுதினேன். ஓர் இதழ் அதை வெளியிட்டது, மற்றவை விட்டுவிட்டன.

அந்த மூதாட்டி வரவில்லை. ஒரு ஞாயிறு அவர் வீட்டைத் தேடிச் சென்றேன். குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார். மோர் கொடுத்தார், ஊர்க்கதை பேசினார். முகாம் என்று தொடங்கியதும், "வேணாம் தாயி, ஒருக்கா வந்தேன்ல" என்று முடித்துவிட்டார். நான் சர்க்கரை மாத்திரையைப் பற்றிச் சொன்னேன், மருத்துவர் சொன்ன காரணங்களைச் சொன்னேன், இம்முறை நானே உடன் வருவதாகவும் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். என் குரலுக்கு அவரிடம் இருந்த மதிப்பு அந்த ஒரு நாளோடு செலவழிந்துவிட்டது. அதை மறுபடியும் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

வழி அவருடைய அடுத்த வீட்டில் இருந்தது. முதல் முகாமன்று அவரது ஆட்டைப் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கு இரண்டாம் முகாமில் அறுவை நடந்தது. நலமாகத் திரும்பியவர் செய்த முதல் வேலை, மூதாட்டியின் அரிசியில் கிடந்த கல்லை எல்லாம் பொறுக்கியது. "இம்புட்டுக் கல்லையா இத்தனை நாளா தின்னுக்கிட்டிருந்தே?" என்றாராம். அதற்குப் பிறகு அவரே மூதாட்டியை மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று சர்க்கரை பார்த்து வந்தார். எட்டு மாதம் கழித்து நடந்த மூன்றாம் முகாமில் இருவரும் கைகோத்து வந்து வரிசையில் நின்றனர். நான் அழைக்கவில்லை. எனக்குச் சொல்லவும் இல்லை.

கட்டுப் பிரிக்கும் காலையில் வார்டுக்குப் போனேன். செய்திக்காகப் போகவில்லை, புகைப்படக்காரரையும் அழைத்துச் செல்லவில்லை. செவிலியர் பஞ்சை நீக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டு, "எத்தனை விரல்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூதாட்டி விரலைப் பார்க்காமல் செவிலியரின் வளையலைப் பார்த்து அதன் விலையைக் கேட்டார். நான் கட்டிலருகே சென்று, "பாட்டி, நல்லாத் தெரியுதா?" என்றேன். குரல் வந்த திசையில் வழக்கம்போல் முதலில் காதைத் திருப்பினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராய் முகத்தைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மைக்குல பேசுன புள்ளையா நீ?" என்றார். "குரலைக் கேட்டுட்டு, பெரிய பொம்பளையா இருப்பேன்னுல்ல நெனச்சேன்."